முனைவர் சிஸ்டர்

அந்த மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு பெயர்கள். நோயாளிகளுக்கு அவள் சிஸ்டர். கூட வேலை பார்ப்பவர்களுக்கு, அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், முனைவர் சிஸ்டர். அதைச் சொல்லும்போது அவர்கள் வாய் லேசாகக் கோணும் என்பது அவளுக்கும் தெரியும்.

எலும்பு முறிவு வார்டில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தபின் அவளுக்கு அந்த ஆசை வந்தது. இடுப்பு முறிந்து மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்களுக்கு முதுகிலும் குதிகாலிலும் புண் வரும். வந்தால் லேசில் ஆறாது. படுத்தால் வரத்தான் செய்யும் என்று எல்லோரும் கைகழுவிவிட்ட விஷயம் அது. சிலருக்கு ஏன் நாலே நாளில் வருகிறது, சிலருக்கு ஏன் நாற்பது நாளானாலும் வருவதில்லை? கேட்டதற்கு டாக்டர்கள் சிரித்தார்கள். முப்பத்தொன்பது வயதில் பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டாள்.

ஏழு வருஷம் இழுத்தது. டியூட்டி முடிந்தபின் கட்டில் கட்டிலாகப் போய், இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் உடம்பில் சிவந்த இடங்களை அளந்து எழுதினாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள், பஸ் ஓட்டும் கணவர், பக்கவாதத்தில் விழுந்த மாமியார். கணவர் படிக்காதே என்று சொன்னதில்லை. ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததும் இல்லை.

ஐந்தாவது வருஷம் நாத்தனார் பத்து நாள் தங்க வந்தாள். வந்த அன்றே தாய்க்கு உடம்பு துடைத்துவிட்டு, ஈரத்துணியும் கையுமாக சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ ஒரு புண்ணு இருக்கு. என் கட்டைவிரல் உள்ள போகுது."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். நாள்பட்ட புண். காலையில் அவசரமாகத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு ஓடிய நாட்கள் எத்தனை என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாகப் பையைத் துழாவி அளவுகோலை எடுத்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள்.

"இதையும் எழுதிக்கோங்க" என்றாள்.

மாமியார் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். நிமோனியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் அதை நம்பவில்லை, அவளும்தான். நாத்தனார் அதற்கப்புறம் வாசற்படி மிதிக்கவில்லை. நாலு மாதம் அவள் ஆய்வுத் தாள்களைத் தொடவே இல்லை. பிறகு, இப்போது விட்டால் மாமியார் போனதும் வீண், படித்ததும் வீண் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

பட்டம் வந்தது. வார்டு மேசையில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்ட சின்னப் பலகை ஒன்றை வைத்தாள். நாலாம் நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். டாக்டர் என்று நினைத்து நோயாளிகள் குழம்புவார்கள், எடுத்துவிடுங்கள் என்றார். தன் கையாலேயே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பதவி மாறவில்லை, டியூட்டி நேரம்கூட மாறவில்லை. செவிலியர் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குப் போனால், பாடம் நடத்திய அனுபவம் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் அதே கல்லூரி முதல்வருக்கு வருஷத்தில் ஒரு நாள் அவள் ஞாபகம் வரும். கடைசி வருஷ மாணவிகளை முனைவர் படிப்புக்கு ஊக்கப்படுத்த ஒரு கூட்டம். மூன்று வருஷம் மேடையேறி, முயன்றால் முடியும் என்று வாய் கூசாமல் பேசினாள். கைதட்டினார்கள். அங்கிருந்து நேராக மத்தியான டியூட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நாலாவது வருஷம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மேடம், பட்டம் வாங்கினதுக்கு அப்புறம் உங்க வேலையில என்ன மாறுச்சு?"

முதல்வர் இடையில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஒண்ணும் மாறல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. பலகையைச் சொன்னாள். மாமியாரைச் சொன்னாள். அளவுகோலையும் சொன்னாள்.

"படிக்காதீங்கன்னு சொல்லல. நான் கண்டுபிடிச்சது நிஜம். என் வார்டுல இப்ப புண்ணு வர்றதே அபூர்வம். ஆனா சேர்றதுக்கு முன்னாடி, வீட்டுல யார் யாரைப் பாத்துக்கறதுன்னு பேசி முடிங்க. படிச்சு வந்தா என்ன பதவின்னு எழுத்துல வாங்குங்க. ரெண்டும் நான் செய்யல."

யாரும் கைதட்டவில்லை. வாசல் வரைக்கும் கூட வந்த முதல்வர், ஊக்கப்படுத்தத்தானே கூப்பிட்டோம் என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு அறுவை சிகிச்சை டாக்டர் வந்து, செவிலியர்கள் ஏன் ஆராய்ச்சிக்கு வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினாராம்.

கேள்வி கேட்ட பெண், அவள் கடைசியாகப் பேசிய அந்தக் கூட்டம் முடிந்து இரண்டே வாரத்தில் வார்டுக்கு வந்து, ஆய்வேட்டைப் படிக்கக் கேட்டாள். வாங்கிப்போய் எட்டாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள். பட்டத்துக்காக மதிப்பிட்டவர்களைத் தவிர அதை முழுசாகப் படித்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

"நான் பிஎச்.டி. சேரப்போறதில்ல மேடம். எங்கப்பா ஆறு மாசமா படுத்த படுக்கையா இருக்கார். முதுகுல புண்ணு வராம எப்படிப் பாத்துக்கறதுன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த எழுபத்திமூணாம் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கிட்டேன்."

அவள் ஆய்வேட்டை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, விரித்தபடியே மேசைமேல் வைத்தாள்.

"எண்பத்தொண்ணையும் எடுத்துக்கோம்மா. குதிகால் பத்தி அதுலதான் இருக்கு."