அழித்ததைச் சொல்லாத இயந்திரம்

எம்.ஃபில். ஆய்வேட்டின் பின்னிணைப்பாக நான் ஒரு சொல்லடைவு தர வேண்டியிருந்தது. ஒரு பழம்பாடல் தொகுதியின் சொற்கள் அனைத்தும், எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகின்றன என்ற குறிப்போடு. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கோவைக் கல்லூரியில் இருந்த யூனிக்ஸ் கணினிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே நாலாயிரத்துச் சொச்சம் சொற்களையும் ஆங்கில எழுத்தில் ஏற்றினேன். ஏற்றச் செய்தேன் என்பதே சரி.

முதல் நாளே ஆய்வகப் பொறுப்பாளர், “நீங்க சொல்லுங்க அம்மணி, நான் அடிக்கறேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காங்கேயத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், முன்பு ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். கைக்கு ஒரு விரலாக இரண்டே விரல்களால் தட்டுவார். நான் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வேன். கட்டளைகளை நூலகத்துக் கையேட்டிலிருந்து குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்: ls கோப்புகளைப் பட்டியலிடும், cp நகலெடுக்கும், rm அழிக்கும். அவற்றையும் நான் சொல்ல, அவர்தான் தட்டுவார். இரண்டு மாதம் இப்படியே நடந்தது.

அவர் பொறுமைசாலி. அவரைச் சீண்டியது கணினியின் ஒரே ஒரு குணம்தான்: சொன்ன வேலையைச் செய்து முடித்தால் அது ஒன்றும் பேசாது. தவறு நேர்ந்தால் மட்டுமே வாய் திறக்கும். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கேட்டதற்குப் பதில் வராவிட்டால், தர மனமில்லை என்று பொருள். பெண் கேட்டுப் போன இடத்திலும் அப்படித்தான், கடன் கேட்ட இடத்திலும் அப்படித்தான். அந்தக் கணக்கில், வேலையை முடித்துவிட்டு மௌனமாக இருந்த கணினி ஒவ்வொரு முறையும் தம்மிடம் மறுப்பதாகவே அவர் எடுத்துக்கொண்டார். “ஏனுங்க, இது மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குதுங்களே” என்பார். வேலை முடிந்துவிட்டது என்று நான் தாழ்ந்த குரலில் சொல்வேன். அடுத்த நாள் அதையே மறுபடி சொல்வேன்.

ஆய்வேட்டைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, அச்சுக்குரிய வடிவை உருவாக்க இடம் போதாது என்று கணினி தெரிவித்தது. எங்கள் துறைக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியிருந்தது. திருத்தப்படாத பழைய கோப்பின் பெயர் adaivu1, திருத்தியது adaivu2. பழையதை அழிக்கச் சொன்னேன். அவர் அழித்தார். திரை மௌனமாக இருந்தது.

“அழிய மாட்டேங்குதுங்க” என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் அதையே மறுபடி தட்டினார். இம்முறை பதில் வந்தது: அப்படி ஒரு கோப்பு இல்லை.

“பாருங்க, பேரே இல்லைங்குது. நாம பேரைத் தப்பாச் சொல்லிப்போட்டோம்.”

இரண்டு கோப்புகளின் அளவையும் ஒன்றாகப் பார்க்க, பெயருக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியிட்டு ls அடிக்கும்படி நாள்தோறும் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அடைவு என்று தொடங்கும் எதையும் அந்த நட்சத்திரம் பிடித்துக்கொள்ளும். அவர் அதை நினைவில் வைத்திருந்தார். rm adaivu* என்று அவர் விரல் நகர்வதைப் பார்த்தேன். நிறுத்துங்கள் என்ற சொல் தொண்டைவரை வந்தது. பெரியவர் ஒருவரிடம் அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் எண்டர் விசையை அழுத்திவிட்டார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை.

“இப்பவும் அதே கதைதானுங்க” என்றார்.

திருத்திய adaivu2-வும் சேர்ந்து அழிந்திருந்தது. வாரக் கடைசியில் காந்த நாடாவில் எடுத்துவைக்கும் நகலை மீட்கத் தெரிந்த ஒரே விரிவுரையாளர் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். முந்தைய சனிக்கிழமை நகலை மீட்டுத் தந்தார். அதன் பிறகு செய்த திருத்தங்கள், அதாவது கடைசி மூன்று எழுத்துகளுக்குரிய சொற்கள் முழுவதும், அதில் இல்லை. சிவப்பு மையால் நான் திருத்திய அச்சுத்தாள்கள் கையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் திறக்காது என்பதால் ஒன்றரை நாள்தான் இருந்தது. அந்த இரண்டு விரல்களை நம்பினால் ஒரு வாரம் ஆகும்.

“நான் உட்கார்ந்து அடிக்கட்டுங்களா?” என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்து ஒலித்தது.

அவர் உடனே எழுந்துவிட்டார். “தாராளமாங்க. இதைய மொதல்லயே கேட்டிருந்தா மொத நாளே குடுத்திருப்பனுங்களே. நின்னுட்டே சொல்றதுதான் உங்களுக்குச் சௌகரியம்னு நெனச்சேன் அம்மணி. எனக்கும் ரெண்டு மாசமா முதுகு வலிதானுங்க.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், வரிக்கு வரி “ஆச்சுங்களா?” என்றார். சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைசிச் சொல்லையும் திருத்தி முடித்தோம்.

பழைய கோப்பு போன பிறகும் அச்சு வடிவத்துக்கு இடம் போதவில்லை. இம்முறை நானே எல்லாக் கோப்புகளையும் அளவோடு பட்டியலிட்டுப் பார்த்தேன். ஆகப் பெரியது என்னுடையதே அல்ல. முந்தைய பொங்கலுக்குப் பொறுப்பாளர் செய்த வாழ்த்துப் பதாகை: நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த பானை, கரும்பு, சூரியன். தமக்குரிய இடம் நிரம்பியதால் எங்கள் துறையின் இடத்தில் போட்டிருந்தார்.

“இதை அழிக்கலாங்களா?”

“அடுத்த பொங்கலுக்கு ஆகும்னு வெச்சிருந்தனுங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சரி, போகட்டுங்க.”

முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் தட்டி, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு எண்டரை அழுத்தினேன்.

“ஒண்ணுஞ் சொல்லலீங்களே. எதுக்கும் இன்னொருக்கா அடிங்க” என்றார்.

“வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு அச்சுப்பொறியில் தாளைப் பொருத்தப் போனேன்.