முருகன் பாட்டுகளுக்கு நடுவே எங்கள் பாட்டு

எங்கள் இசைக்குழுவில் மொத்தம் மூன்றே பேர். பாட்டு எழுதிப் பாடுவது நான். கிதார் என் வீட்டுக்காரர். டிரம்ஸ், நாயுடுபுரத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பி. இங்கே மலையிலேயே ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறான். மூன்று பேர் சேர்ந்தால் குழுவா என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஒத்திகை அறையைக் காட்டுவேன். நான்காவது ஆளுக்கு அதில் நிற்க இடமில்லை.

முதல் பாட்டைப் பதிவு செய்து, பாட்டுச் செயலி ஒன்றில் ஏற்றியபோது உலகமே எங்களுக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்தேன். உலகத்துக்கு வேறு சோலி இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேட்டவர்கள் நாங்கள் மூவரும் என் மாமியாரும்தான்.

அந்தச் சமயம் பார்த்துத் தம்பிக்குத் துபாயில் ஓட்டல் வேலை வந்தது. அவன் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவன் போய்விட்டால் குழு அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லாமல் நானும் வீட்டுக்காரரும் மட்டும் மேடையேறினால் குடும்பச் சண்டை மாதிரி இருக்கும். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தான்.

"தை முடியுறதுக்குள்ள, நமக்குத் தெரியாத ஒரு ஆளு பாட்டக் கேட்டுட்டு நம்மளக் கூப்பிடட்டும்க்கா. நான் போகல. சொந்தக்காரங்க கேக்குறது கணக்குல வராது. அது மொய் மாதிரி."

நிறையப் பேர் திரும்பத் திரும்பக் கேட்டால், செயலியே அந்தப் பாட்டைத் தெரியாதவர்களுக்கும் பரிந்துரைக்குமாம். எங்கோ படித்திருந்தேன். கவுஞ்சியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பந்தி முடிந்து பெண்கள் வெற்றிலை போட உட்கார்ந்ததும் எல்லோருடைய செல்போனையும் வாங்கினேன். அத்தனை பேரும் வெள்ளனே எழுந்து, முருகன் பாட்டு போட்டுவிட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் பாட்டைத் தனியாகப் போடச் சொன்னால் மறந்துவிடுவார்கள். எனவே அவர்களுடைய முருகன் பாட்டு வரிசையிலேயே நடுவில் சொருகிவிட்டேன்.

"இது சாமி பாட்டா ஆத்தா?" என்றார் ஒரு அத்தை.

"இல்லத்த. கடைசி பஸ்ஸ விட்டுட்டு நடந்து வர்றவனப் பத்தி."

"நடந்துதான வாரான். கெடக்கட்டும்."

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீடு திரும்பினேன். பத்து நாள் கழித்துச் செயலியைத் திறந்தால், எங்கள் பாட்டுக்குக் கீழே 'இதுபோன்ற பாடல்கள்' என்று வரிசையாகக் காவடிப் பாட்டுகள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அதும்மேல என்ன தப்பு? நீ கொண்டுபோயி விட்ட எடத்துலதான அது நிக்கும்?" என்றார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. தம்பி விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டான்.

தை பிறந்து சில நாளில் புது நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"அம்மா, நாங்க மேலூர்ப் பக்கமிருந்து பழனிக்கு நடக்குறோங்க. வண்டியில சாமி பாட்டுப் போட்டா ஊடால உங்க பாட்டு வருது. அதுக்குக் கீழ இந்த நம்பர் இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"பாட்டுல என்ன சொல்றீங்கன்னு ஒண்ணும் வெளங்கலம்மா. ஆனா அந்தக் கொட்டு இருக்கே, எங்க நடைக்குச் சரியா விழுகுது. ஒட்டன்சத்திரம் தாண்டி எங்க அன்னதானப் பந்தல் போட்டிருக்கோம். வந்து அடிப்பீங்களா?"

ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய வரிகள்! எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வாடகை வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். கூப்பிட்டதே போதாதா என்றால் தம்பி மசியவில்லை. "ஒரு பாட்டாவது அடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்றான்.

பந்தலில் பாட ஆரம்பித்தோம். எங்களுக்காக யாருமே நிற்கவில்லை. பச்சை வேட்டிகளும் சேலைகளும் சாரிசாரியாகப் போய்க்கொண்டே இருந்தன. தம்பியின் முகம் வாடிவிட்டது. பிறகுதான் அவர்கள் காலைக் கவனித்தான். நொண்டிக்கொண்டு வந்தவர்கள்கூடப் பந்தலை நெருங்கியதும் அவன் அடிக்கு அடி எடுத்து வைத்தார்கள். அவன் வேகம் கூட்டினால் கூட்டமும் கூட்டியது. பாதத்தில் துணி சுற்றிய ஒரு பெண் வந்தபோது அவனாகவே வேகத்தைக் குறைத்தான். பாட்டு முடிந்தது. நான் நிறுத்தினேன், வீட்டுக்காரர் நிறுத்தினார். அவன் மட்டும் நிறுத்தவில்லை.

"அக்கா, இதுல யாராச்சும் நம்ம சொந்தமா?"

"இல்லடா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். புழுதி படிந்த முகங்கள். ஒன்றுகூடத் தெரிந்த முகமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒருத்தருமில்லடா" என்றேன்.

கையை நிறுத்தாமலே சொன்னான்: "அப்ப எங்கம்மாவுக்கு நீங்களே ஒரு போனப் போட்டுருங்கக்கா. எனக்கு இப்பக் கை ஒழியாது."