மர்சோலே பியானோவும் வெள்ளிக்கிழமைப் பத்தரையும்

வெள்ளிக்கிழமை பத்தரையானால் கிருபானந்தன் சாரதியிடமிருந்து லொறித் திறப்பை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு பியானோவும் வாசல் தாண்டாது. திங்களில் இது காலை ஏழரைக்கு, செவ்வாயில் பின்னேரம் மூன்றுக்கு. கேட்டால், "மரம் களைக்கும். ஆற விடவேணும்" என்பார்.

சென்ட் லோரன்டில் உள்ள மர்சோலே பியானோக் கொம்பனிக்கு நூற்று முப்பத்தைந்து வயது. அதில் முப்பது வருடமாகப் பியானோ ஏற்றி அனுப்புகிறவர் இவர். என் பெரியம்மாவின் மருமகனுக்குத் தம்பி. வெள்ளியில் அரைநாள் வேலை முடித்து என்னைக் கோயிலுக்கு ஏற்றிப்போவார். அதுவரை நான் அங்கே ஒரு மூலையில் குந்தியிருப்பேன்.

கொம்பனியின் சரித்திரத்தை அவர் வாயால் கேட்கவேண்டும். முதல் மர்சோலே தேவாலயங்களுக்கு ஓர்கன் செய்த தச்சன். மகன்மார் இருவர். மூத்தவன் பெண்ணெடுத்த வீட்டில் மரம் விற்கும் மரக்காலை இருந்தது. இளையவன் பெண்ணெடுத்த வீட்டில் வாய்தான் இருந்தது. "எங்கடை ஆக்கள் மாதிரித்தான் அண்ணை. பத்து வருசம் முகம் பாக்கேல்லை, செத்தவீட்டிலை சேந்திட்டினம்." இப்போதைய முதலாளி யோசெப்பின் என்ற பெண், அந்த மூத்தவனின் பேத்தி. தன் சொந்தக்காரர் யார் எவர் என்பதில் சந்தேகம் வந்தால் இவரிடம்தான் கேட்பார்.

மரம் களைத்த கதை வேறு. இவர் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஒரு வீட்டின் வெளிப்படியில் உறைபனி வழுக்கி, மேலே ஏற்றிய பியானோ தனியே கீழே இறங்கிவிட்டது. மனைவி சிவநேசம் கோயில் கலண்டரைப் பார்த்தார். லொறி வெளிக்கிட்டது அச்சொட்டாக ராகு காலம். மறுநாளே மரம் களைக்கத் தொடங்கியது. யோசெப்பினின் தகப்பன் அதை நம்பி, வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஆண்டு விழாப் புத்தகத்திலும் அது ஏறிவிட்டது: முதல் மர்சோலே காலந்தொட்டுத் தவறாத ஒன்றரை மணி நேர ஓய்வு.

போன வெள்ளி பனி கொட்டியது. கியூபெக் நகரத்துக் கச்சேரி மண்டபத்துக்குப் பெரிய பியானோ ஒன்று போகவேண்டும். பதினொன்றுக்கு வெளிக்கிடாவிட்டால் மண்டபக்காரர் வேறு கொம்பனியிடம் போய்விடுவார்கள், நானும் லொறியில் கூடப் போகிறேன் என்று யோசெப்பின் வந்து நின்றார். இன்றைக்கு ஓய்வு வேண்டாம், பூட்டனார் மன்னிப்பார் என்றார்.

கிருபானந்தன் தன் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மடாம், இது உங்கடை பூட்டன் தொடங்கினதில்லை. என்ரை மனுசி தொடங்கினது."

பிறகு படி, கலண்டர், ராகு எல்லாம் சொன்னார். முப்பது வருட மரியாதை போயிற்று என்று நினைத்தேன். யோசெப்பின் கட்டுக்கட்டாக இருந்த ஆண்டு விழாப் புத்தகங்களைப் பார்த்தார். இரண்டாயிரம் அடித்தாயிற்று என்றார். லொறி பதினொன்றுக்குத்தான் என்றும் சொன்னார்.

அப்போது பத்து இருபது. கிருபானந்தன் பியானோவின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, பட்டறைச் செருப்போடு பனிக்குள் இறங்கித் தெருவைக் கடந்தார். எதிரே தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வாசலில் அதை வைத்துவிட்டுக் காவல் நின்றார்.

என்ன செய்கிறார் என்று யோசெப்பின் என்னைக் கேட்டார். கூடாத நேரத்தில் பயணம் வந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு சாமானை வெளியே வைத்துவிடுவோம், பயணம் தொடங்கினதாகிவிடும் என்றேன். என் சித்தி லண்டனுக்குப் போனபோது சூட்கேஸ் இரண்டு நாள் முன்னரே பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது என்பதையும் சொன்னேன்.

யோசெப்பின் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபத்தேழு. தன் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு, கோட்டுப் பொத்தானும் பூட்டாமல் தெருவைக் கடந்து ஓடி, அதை ஸ்டூலின் மேல் வைத்தார். கிருபானந்தன் பை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் திருப்பி மணி பார்த்தார்.