பிரியந்திக்கு வந்த கடிதம்

பெயரைக் கூப்பிட்டதும் அவள் வாய் திறப்பதில்லை. டயகமவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் “பிரியந்தி” என்பார். ஒரு மூச்சு விடும் நேரம் கழியும். வேறு யாரோ பதில் சொல்ல இடம் விடுவதுபோல் நிற்பாள். பிறகுதான் “இருக்கேங்க” என்பாள்.

“கம்பஸ் போகப்போறவங்களுக்கு ஒரு தடவ கூப்பிட்டா காது கேக்காதோ?” என்பார் முத்துலிங்கம். பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவள் பெயர் வினோதா. பிரியந்தி என்பது அவளுடைய அக்கா. பிறந்த இருபத்திரண்டாம் நாள் காய்ச்சலில் போனவள். அந்தச் சாவை யாரும் பதியவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த இவளுடைய பிறப்பையும் பதியவில்லை. முதலாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்த தாய் காளியாயி, பிஸ்கட் டின்னில் இருந்த மூத்தவளின் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலும், அடையாள அட்டையிலும், உயர்தரப் பரீட்சையிலும் இவள் பிரியந்தி. வயதும் இரண்டு கூட.

ஒல்லியான உடம்பு. அகலமான பாதையிலும் ஓரமாகவே நடப்பாள். பரீட்சை முடிந்த பிறகு தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்துக் கொழுந்து எடுக்க வந்தவள். கை வேகம், வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை மூன்று முறை வாசித்து, புரியாத இடங்களில் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறாள். கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

கடிதம் வந்த அன்று காளியாயி அதை ஏழாம் நம்பர் மலைக்கு எடுத்துப் போனாள். மூத்த குழந்தையைப் புதைத்த இடம் அது. அதன்மேல் நிற்கும் தேயிலைச் செடியில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை. கவ்வாத்து வெட்டுகிறவர்களும் கத்தியைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுவார்கள். இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவில் அது மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பனி இறங்கினால், யாரோ நின்று பார்ப்பது போலவே இருக்கும். காளியாயிக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தை விரித்துச் செடிக்குக் காட்டி, “ஒனக்குத்தான் வந்திருக்கு, பாரு” என்றாளாம்.

பக்கத்து லயத்துத் தர்ஷன் கிழக்கில் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். விடுமுறையில் வந்தவனிடம் வினோதா பென்சில் கோடிட்ட கைநூலோடு போய் நின்றாள்.

“அங்க யாரும் ஒன்ன எழுப்ப மாட்டாங்க, படின்னு சொல்லவும் மாட்டாங்க. விரிவுரையாளர் சொல்றது பாதி. மீதிய நீயே தேடணும். சரியான்னு அவர்கிட்டயே கேக்கணும். அதுதான் கம்பஸ்.”

“பேரு கூப்பிடுவாங்களாண்ணே?”

“கூப்பிட மாட்டாங்க. தாள் ஒண்ணு சுத்தி வரும், கையெழுத்துப் போடணும். வராதவனுக்கும் சேத்துப் போடுவானுங்க.”

“இல்லாதவங்களுக்குமா?”

தர்ஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பெயரைத் திருத்தினால் என்ன என்று கேட்டாள். “திருத்தினா பரீட்ச எழுதுனவ யாருன்னு கேப்பாங்க. அந்த ரிசல்ட் ஒன்னோடது இல்லாமப் போயிரும்” என்றான்.

புதன்கிழமை காலை பனியில் எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. முத்துலிங்கம் “பிரியந்தி” என்றார்.

“இருக்கேங்க.”

குரல் பின்னாலிருந்து வந்தது. அவள் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை.

“இன்னக்கித்தான் ஒடனே சொல்லியிருக்கா” என்று முத்துலிங்கம் தலை தூக்காமல் குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ராக்காயி அவள் உதட்டையே பார்த்தாள்.

“நீ சொல்லலியே புள்ள?”

“சொன்னேங்க அக்கா.”

அன்று முழுக்க அவள் முணுமுணுக்கவில்லை. மாலையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த தாயிடம் கேட்டாள்:

“போறது யாரும்மா? நானா, அவளா?”

“பேரு அவளோடது. மூள ஒன்னோடது. சண்ட போடாம ரெண்டு பேரும் போங்கடி.”

“வெளயாடாதம்மா. இங்க நான் வினோதான்னு எல்லாருக்கும் தெரியும். அங்க தர்ஷன் அண்ணனத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நாலு வருசத்தில வினோதான்னு ஒருத்தி இருந்ததே இல்லாமப் போயிரும்.”

காளியாயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புகை கண்ணில் ஏறியும் துடைக்கவில்லை.

“அவ இருபத்திரண்டு நாளுக்கு மேல ஒண்ணையும் பாக்கல. நீ போகாட்டி, அவளும் இந்த மலையவிட்டு எறங்கவே மாட்டா.”

வெள்ளிக்கிழமை டவுனில் றிச்சர்ட்டின் கடைக்குப் போனாள். கணினியில் விண்ணப்பம் அனுப்பித் தருகிற கடை அது. பதிவுப் படிவத்தை அச்செடுத்து, “எழுதித் தாங்க, நான் அடிச்சு அனுப்புறேன்” என்று றிச்சர்ட் பேனாவையும் கொடுத்தான். முழுப்பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தடங்கலில்லாமல் எழுதினாள். குடும்ப விபரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி வந்து ஒட்டியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரு தங்கச்சி.”

“என்ன செய்றா?”

“கொழுந்து எடுக்குறா.”

“நீங்க கம்பஸ் போறீங்க, அவ படிக்கலியா?”

“அவளுக்குப் பெறப்புப் பத்திரம் இல்லங்க.”

தங்கச்சியின் வயது பத்தொன்பது என்று நிரப்பினாள். முகவரிக்குத் தன் லயத்து இலக்கத்தையே எழுதினாள். பெயர்க் கட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பெயரை அவள் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. குனிந்து, வேறொருத்தியின் பெயரை எழுதுகிறவள்போல, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதினாள்: வி, னோ, தா.