பூந்தமல்லி சாலையில் அவர் ஏன் இருந்தார்

என் கணவரின் மேல்முறையீட்டை இரண்டு தடவை தள்ளுபடி செய்தார்கள். இரண்டு பதில்களிலும் காரணம் ஒன்றுதான். விபத்து நடந்த இடத்தில் மனுதாரர் ஏன் இருந்தார் என்பதற்கு விளக்கம் இல்லையாம்.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். விடுப்பு முடிந்து, வடக்கே எல்லையில் இருந்த தன் படைப்பிரிவுக்குத் திரும்புவதற்காக அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் சென்ட்ரலில் ரயில். ஆனால் மதியமே பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடியில் அவர் உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோ மீது தண்ணீர் லாரி மோதிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கியது. மாதக்கணக்கில் ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். எழுந்தபோது இடது கால் குட்டையாகியிருந்தது. இவர் இனிப் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதி வீட்டுக்கு அனுப்பியது. கூடவே, இந்த ஊனத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்றும் எழுதிவிட்டது. அதனால் ஊன ஓய்வூதியம் கிடையாது என்றார்கள்.

ஆவடியில் முன்னாள் படைவீரர்களின் வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். விதியை அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். விடுப்பில் வீட்டில் இருக்கும்போது அடிபட்டால் அது பணியில் சேராது. ஆனால் விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் பயணம் பணியாகவே கருதப்படும், வழியை விட்டு விலகாத வரைக்கும்.

"மேனாம்பேட்டுலேர்ந்து சென்ட்ரலுக்குப் போறவர் எதுக்கு பூந்தமல்லி பக்கம் போனார்? போன்ல அவரையே கேட்டேன், வாயே திறக்க மாட்டேங்கறார். தீர்ப்பாயத்துக்குப் போனாலும் இதேதான் கேப்பாங்க" என்றார்.

வீட்டில் எங்களிடம் என் கணவர், அம்பத்தூரில் சாலையை அடைத்திருந்தார்கள், சுற்றிக்கொண்டு போனேன் என்றுதான் சொல்லியிருந்தார். அதை ஏன் மனுவில் எழுதவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கடைசியில் நடந்ததைச் சொன்னார். வீட்டில் பொய் சொன்ன மனுஷனுக்கு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாளில் பொய் எழுத மனம் வரவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவருடைய பிரிவிலேயே இருந்த ஒரு இளைய சிப்பாயின் அம்மா பூந்தமல்லியில் தனியாக இருந்தார். மகனுக்கு ஊறுகாயும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டுபோக முடியுமா என்று அந்த அம்மா போனில் கேட்டிருக்கிறார். இவர் போய் வாங்கிக்கொண்டு சென்ட்ரலுக்குக் கிளம்பியபோதுதான் லாரி மோதியது.

"இதைச் சொல்றதுல இன்னாங்க இருக்கு?" என்றேன்.

"அந்தம்மா கைல கோயம்பேட்டாண்ட அடிபட்டேன்னு சொல்லி வச்சிகீறேன். அவங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போம்போதுதான் இப்டி ஆச்சின்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. பென்சன் இல்லாங்காட்டி போவுது. உடு."

என்னால் விட முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா அப்போதுதான் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார். கட்டியிருந்த நல்ல புடவையோடே காபி போட்டுக் கொடுத்தார். நான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார் அந்த அம்மா. "மருந்துக்கடைக்காரரு வந்து சொன்னாரு, உங்க ஊட்லேர்ந்து பையத் தூக்கினு போனாரே, அவர மோதிட்டான்னு. நான் ஓடறதுக்குள்ள ஆம்புலன்ஸ் பூட்ச்சி. அப்பறம் உங்க ஊட்டுக்காரரு போன்ல கோயம்பேடுன்னாரு. என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாருன்னு புரிஞ்சிது. நானும் நம்புன மாதிரியே இருந்துட்டேன். உங்கள வந்து பாக்க எனக்கு மூஞ்சி இல்ல."

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அவரே கேட்டார்: "எங்க வந்து சொல்லணும்?"

விசாரணை நாளில் ராணுவத் தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில் அந்த அம்மாவைப் பார்த்ததும் என் கணவர் நின்றுவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி அவரிடம் போய், "நீங்க எதுக்கும்மா இங்க" என்றார். "நீ கம்முனு இரு நைனா" என்றார் அந்த அம்மா.

விசாரிக்க இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மற்றவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. அந்த அம்மாவின் வாக்குமூலத்தை எங்கள் வக்கீலம்மா படித்தார். அரசு வக்கீல், இது சொந்த வேலை, பயணத்தை விட்டு விலகியதாகத்தான் கொள்ள வேண்டும் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியதுதான் பயமாக இருந்தது.

ராணுவ அதிகாரி என் கணவரிடம், "அந்த வீட்டிலிருந்து எங்கே கிளம்பினீர்கள்?" என்று கேட்டார்.

"ஸ்டேஷனுக்குத்தான் சார்."

அதிகாரி நீதிபதி பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் வக்கீலம்மா அதை எனக்குத் தமிழில் சொன்னார். விடுப்பு முடிந்து போகும்போதெல்லாம் தன் பெட்டியில் பாதி மற்ற வீரர்களின் வீட்டுச் சாமான்தான் இருக்கும் என்றாராம்.

சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. விபத்து நடந்தபோது அவர் பணிக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தார் என்று அதில் இருந்தது. சக வீரனுக்காக ஒரு பொட்டலம் வாங்கியதால் அந்தப் பயணம் வேறு பயணம் ஆகிவிடாது. ஆகவே ஊனம் பணியோடு தொடர்புடையதே. ஆனால் அது எவ்வளவு என்பதைப் புதிதாக ஒரு மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த எனக்கு அந்தக் கடைசி வரியைப் படித்ததும் திக்கென்றது. ஏனென்றால் இவரை எனக்குத் தெரியும்.

நினைத்தபடியே ஆனது. மருத்துவமனையில் இளவயது பெண் மருத்துவ அதிகாரி ஒருவர் பரிசோதித்தார். "நிக்க முடியுமா?" என்றால் இவர் தடியை வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். "குனிய முடியுமா?" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது பரேடு இல்ல. நீங்க வலியை மறைச்சா நான் அதை எழுத முடியாது. எங்க வலிக்குது, சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக இடுப்பைத் தொட்டுக் காட்டினார். படுக்கும்போது எப்படி, படி ஏறும்போது எப்படி, மழைக்காலத்தில் எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்திலேயே இருந்த எனக்குக்கூட அதில் பாதி தெரியாது.

ஓய்வூதியம் இப்போது வருகிறது. கால் அப்படியேதான் இருக்கிறது. அவரிடம் சொல்லாமல் நான் பூந்தமல்லிக்குப் போனதில் சில நாள் என்னோடு பேசாமல் இருந்தார். அதுவும் சரியாகிவிட்டது. சமீபத்தில் அந்த அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இவர்தான் தடியை ஊன்றிக்கொண்டு போய், மருத்துவமனையில் மகன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.