பெண் பார்க்க வந்த நாளில் நனைத்த தோல்

என்னைப் பெண் பார்க்க மூன்று மணிக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் விடிந்ததுமே தோலை நனைத்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தேன். பெங்களூருக்குப் போகவேண்டிய கைப்பையின் மூடி அது. பூங்கொடி செதுக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பதினொரு மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். டிராஃபிக் இல்லையாம். ஓசூரில் டிராஃபிக் இல்லாமல் போக அந்த ஞாயிற்றுக்கிழமைதானா கிடைத்தது?

நனைத்த தோல் யாருக்காகவும் காத்திருக்காது. ஈரம் அதிகமாக இருக்கும்போது கத்தி வைத்தால் கோடு குழைந்துவிடும். முழுக்கக் காய்ந்தாலோ அச்சு பதியாது. மேலே பழைய நிறம் திரும்பி, உள்ளே ஈரம் தங்கியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு. கன்னத்தில் ஒற்றினால் சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

இதற்கு முன்னால் பார்க்க வந்தவர், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தத் தோல் வேலையெல்லாம் விட்ருவீங்கல்ல?" என்று கேட்டபடியே பஜ்ஜிக்குக் கை நீட்டினார். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த முறை வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். கும்பிட்டேன், காபி கொடுத்தேன், நேராகப் பின்னறைக்கு வந்து செதுக்குகிற கத்தியை எடுத்து வைத்து, கவரைப் பிரித்தேன். "ரெண்டு பேரும் தனியா பேசட்டும்" என்று கூடத்தில் யாரோ சொன்னது கேட்டது. மாப்பிள்ளை வந்து நின்றார். மாம்பழக் கூழ் ஆலையில் தரம் பார்க்கிற வேலை.

"என்னங்க பண்றீங்க?"

பேசக் கூடாதே! தோலை அவர் கையில் கொடுத்து, என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். ஒன்றுமே கேட்காமல் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உடனே பயமும் வந்தது. இவரும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டால்?

அதற்குள் அவருடைய அம்மா உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே என் அம்மாவும். பெண் பார்க்க வந்த மகன், கன்னத்தில் தோலை ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்னடா பண்ற?"

"இரும்மா, இன்னும் கொஞ்சம் காயணும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அவங்க செதுக்கி முடிச்சதும் ரெண்டு பேரும் வர்றோம். நீங்க பேசிட்டு இருங்க."