அடிக்குரலில் ஒரு பாட்டு

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவதுதான் அவள் வேலை. அதனால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. குத்தினதே தெரியாது, கை பஞ்சு மாதிரி என்று பெரியவர்கள் மெச்சுவார்கள். சின்னப் பிள்ளைகளோ அவள் பையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். வெளியில் எந்நேரமும் சிரித்த முகம். வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் வேறு ஆள்.

கல்யாணமான புதிதில், வேறொரு ஊரில், வேறு மதத்தார் பண்டிகை ஒன்றின்போது எங்கோ கிளம்பிய வாய்ச்சண்டை கலவரமாகி அவர்கள் தெருவுக்குள் வந்தது. கதவை உடைத்தார்கள். அவளும் புருஷனும் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். உயிர் தப்பியது, தூக்கம் தப்பவில்லை. அன்று முதல் அவளுக்குக் கோழித் தூக்கம்தான். லிஃப்ட் வந்து நின்றால் விழிப்பு, யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் விழிப்பு. பிறத்தியார் பண்டிகை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, விசில் சத்தம் வெளியே கேட்குமே என்று குக்கர்கூட வைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

எதிர்வீட்டுத் தையல்காரி வேறு மதம். வீட்டுக்குள் பேசுவதும் வேறு பாஷை. ஆண்டுதோறும் தங்கள் பண்டிகைக்குக் கூப்பிடுவாள். ஊசியக்காவும் ஆண்டுதோறும் தலைவலி, டூட்டி என்று ஏதாவது சொல்லிக் கழன்றுகொள்வாள். இந்த முறை அது நடக்கவில்லை. தையல்காரியின் மாமனார் நோயில் விழுந்து எழுந்திருந்தார். அவருக்கு நாள் தவறாமல் ரத்தம் எடுத்தது இவள்தான். "அவங்க வராம நான் பண்டிகைக்குக் கீழே இறங்கி வரமாட்டேன்" என்று மனிதர் ஒரே பிடியாக நின்றார். பஸ் டிரைவரான புருஷனும் வேலைக்குக் கிளம்பும்போது, கூப்பிட்ட மரியாதைக்குத் தலையைக் காட்டிவிட்டாவது வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அவள் வாசலையொட்டிச் சுவரோரமாக உட்கார்ந்தாள். செருப்பு கைக்கெட்டும் தூரத்தில், பை மடியில். கூட்டம் சேரச் சேர இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகங்களைப் பார்க்கப் பயந்து கைகளையே பார்த்தாள். பார்த்தால், எல்லாம் தெரிந்த கைகள். அந்தத் தடித்த கைக்கு நரம்பு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வளையல் கைக்குச் சர்க்கரை. அதோ அந்த மோதிரக் கைக்காரர் ஊசியைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரி வந்து பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தாள். நல்ல பருத்த உடம்பு, வெதுவெதுப்பான தோள். பாட்டுத் தொடங்கியது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. விடியுமுன் எழுந்து வீடு வீடாக அலைந்த அலுப்பு வேறு. கொஞ்சம் கண்ணை மூடினாள், அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது முதலில் மழை பெய்கிறது என்றுதான் நினைத்தாள். மழை இல்லை. கூடம் கொள்ளாத கூட்டம் அடிக்குரலில், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் பாடிக்கொண்டிருந்தது. மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பந்தி தொடங்கவில்லை, தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளை சிணுங்க ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போனாள். தன் தலை தையல்காரியின் தோளில் இருப்பதும், தன்மேல் யாருடைய சால்வையோ போர்த்தியிருப்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இத்தனை பேரும் யாருக்காக இப்படிப் பாடுகிறார்கள் என்று விளங்கியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயில் கருவறை முன்னால்கூட அப்படி ஒரு சிலிர்ப்பு அவளுக்கு வந்ததில்லை. நிமிரவும் தோன்றவில்லை. அவர்களுக்கே உரிய பெரிய நாள், அவர்களுக்கே உரிய பாட்டு. அதைத் தன் தூக்கத்துக்காக இப்படிக் குறைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று மலைத்துப்போய்க் கிடந்தாள்.

ஒருவழியாக எழுந்து உட்கார்ந்து, "எழுப்பியிருக்கலாமே" என்றாள்.

"எப்படிக்கா எழுப்புறது? எந்நேரம் எழுந்து பார்த்தாலும் உங்க வீட்டு லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். நீங்க தூங்கி நான் இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள் தையல்காரி, மரத்துப்போன தோளைத் தேய்த்துவிட்டபடி. "மாமாதான் கை காட்டினாரு. உடனே எல்லாரும் குரலைக் குறைச்சுட்டாங்க."

மாமனார் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய காரியம் ஒன்றும் செய்துவிடாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா அவரைப் பார்த்துக் கை குவித்தாள்.

மேளக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இனி அடிக்கலாமாம்மா?"

அவள் தலையசைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பியது. கூடமே அதிர்ந்தது. அத்தனை சத்தத்திலும் தன் கண் வாசலைத் தேடவில்லை என்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

புருஷன் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். அவர் நம்பவில்லை. நீயா, கூட்டத்திலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் விழித்துக் கிடந்தபடி, சொல் தெரியாத அந்தப் பாட்டை அடிக்குரலில் முனகிப் பார்ப்பாள். மெட்டு பாதியில் கை நழுவிவிடும். மறுநாள் தையல்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.